பிக்கரிங்கில் பெயர், ஸ்காபுறோவில் ஆள்

1

என் மச்சான் கிளிநொச்சியில் மோட்டார்சைக்கிள் திருத்துகிறவன். வருடத்தில் ஒரு நாள், நாங்கள் கனடாவுக்கு விமானம் ஏறிய திகதியில், மறக்காமல் அழைப்பான். இந்த முறை பதினொரு வருடம். அப்பா, அம்மா, குளிர், சாப்பாடு என்று விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு கேட்டான்:

"உண்மையாச் சொல்லு, நீ அங்க என்னதான் வேலை செய்யிறாய்?"

"பெடியளுக்குத் தொழில் பழக்கிற ஒரு திட்டம். அவங்கள் துவக்குச் சூடு எண்டு அந்தப் பக்கம் போகாம இருக்கிறதுக்கு."

"கனடாவில துவக்கோ?"

"ஓம்."

"அப்ப நீ பொலிசோ?"

"இல்லையடா. விண்ணப்பப் போம் நிரப்புறனான்."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்திருப்பார்கள். "எடேய், துவக்குக்குப் பயந்து ஓடினவங்கள், அங்க போய்ப் போம் நிரப்பித் துவக்கை நிப்பாட்டுறாங்களாம்!" என்று யாருக்கோ சொன்னது எனக்கும் கேட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. என் வேலையை இவ்வளவு சுருக்கமாக இதுவரை யாரும் சொன்னதில்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான், அவனுக்குச் சொல்லாமல் விட்டதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

எங்கள் திட்டம் சின்னது. துவக்குச் சூடு அடிக்கடி நடக்கிற ஒரு வரையறுத்த பகுதிக்குள் வசிக்கிற பெடியளுக்கு மட்டும். பதினாலு இடம். தெரிவானவர்களைக் காலை ஆறு மணிக்கு ஒரு வான் வந்து ஏற்றும். ஒஷாவாவில் உள்ள ஒரு பயிற்சிக் கூடத்தில் மின்சார வேலை பழக்குவார்கள். வயர் இழுப்பது, மின்பெட்டி பொருத்துவது, பிழை கண்டுபிடிப்பது. ஆறு மாதம். கையில் கொஞ்சம் சம்பளமும் கிடைக்கும். முடித்தவனை ஒரு முதலாளியிடம் சேர்த்துவிடுவோம்.

இதனால் துவக்கு வெடி குறையுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆறு மணி வானைப் பிடிக்க வேண்டியவன் நேரத்துக்குப் படுப்பான். பகல் முழுக்க அவன் தன் அடுக்குமாடிக் கட்டடத்தடியில் நிற்கமாட்டான். பின்னேரம் களைத்து வந்து சாப்பிடுவான். ஒருவன் துவக்கைக் கையில் எடுப்பதற்கு முதல் அவனுக்கு நிறைய வெறும் நேரமும் நிறையப் பயமும் இருக்கவேண்டும். வான் அந்த இரண்டையும் கொஞ்சம் குறைக்கிறது. இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் பதினாலு இடம். வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதை எழுதமாட்டேன். எழுதினால் மச்சான் இன்னும் சிரிப்பான்.

2

நிரோஜனுக்குப் பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்தவன். ஸ்காபுறோவில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள அடுக்குமாடியில், ஒன்பதாம் தளத்தில், தாயோடும் தம்பியோடும் இருக்கிறான். தாயை நான் அன்ரி என்பேன். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. தகப்பன் எப்போதோ பிரிந்து போய்விட்டார். தம்பி சஜீவனுக்குப் பதின்மூன்று வயது.

போன ஆனியில் ஒருநாள், பின்னேரம் நாலரை மணி, நல்ல வெயில், கட்டடத்துக்கு முன்னால் கடைகள் உள்ள பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் ஒரு பெடியனைச் சுட்டார்கள். நிரோஜனோடு கூடைப்பந்து விளையாடுகிறவன். சுடும்போது நிரோஜன் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றான், கையில் அப்போதுதான் வாங்கிய மாம்பழ ஜூஸோடு. அந்தப் பெடியன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனான்.

அடுத்த நாள் மெழுகுதிரி, பூக்கொத்து, கரடிப் பொம்மை எல்லாம் வந்தன. அதற்கடுத்த நாள் கமெராக்கள் வந்தன. கோட்டுப் போட்டவர்கள் ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, "எங்கள் இளைஞர்களுக்கு வாய்ப்புகள் வேண்டும்" என்றார்கள். என் மேலாளர் மார்சியாவும் அதையேதான் சொன்னார். அவருக்கு அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான். அதை எழுதும்போது உண்மையாகவே நம்பித்தான் எழுதினேன். பிறகு இரண்டு நாள் மழை. நனைந்து ஊறிய பொம்மைகளைப் பிளாசா துப்புரவு செய்பவர் கறுத்தப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

நிரோஜன் இரண்டு மாதம் வீட்டை விட்டு இறங்கவில்லை. சுட்டவர்களை அவன் கண்டிருக்கிறான். கண்டான் என்பது அவர்களுக்கும் தெரியும். பொலிசிடம், தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான். பஸ் தரிப்பிடம் பிளாசாவுக்கு முன்னால்தான், அதனால் பஸ்ஸும் ஏற முடியாது. ஆவணியில், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள பொது அறையில் நாங்கள் வைத்த கூட்டத்துக்குத் தாய்தான் அவனை இழுத்துக்கொண்டு வந்தார். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான்.

"அண்ணா, லைக், நான் பாட் கை இல்ல, யு நோ?"

"தெரியும்."

"ஆனா கீழ நிக்கிறவங்கள் சொல்லுறாங்கள், எங்களோட நில்லு, உனக்கு ஒண்டும் நடக்காது எண்டு. அவங்களிட்ட... இருக்கு."

"துவக்கோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "எனக்கு டூ ஓப்ஷன்ஸ்தான் அண்ணா. உங்கட வான். இல்லாட்டி அவங்கள்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

3

எங்கள் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் மொழிபெயர்த்தது நான்தான். 'ஆபத்தை எதிர்நோக்கும் இளைஞர்களுக்கு' என்று தலைப்புப் போட்டிருந்தேன். விண்ணப்பம் நிரப்ப அலுவலகத்துக்கு வந்த அன்ரி அதை என் மேசையில் வைத்து விரலால் தட்டினார்.

"என்ர பிள்ளை ஆபத்தான பிள்ளையில்லைத் தம்பி."

"ஆபத்தில இருக்கிற பிள்ளை எண்டுதான் அன்ரி அர்த்தம்."

"வாசிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்டுதானே" என்றுவிட்டு, கொண்டு வந்த பையைத் தூக்கி மேசையில் வைத்தார்.

புடவைக்கடைப் பை. பிடி இரண்டும் இழுபட்டு நீண்டிருந்தன. உள்ளே பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பாலர் வகுப்பிலிருந்து எல்லாத் தவணை அறிக்கைகளும், நீச்சல் பழகிய சான்றிதழ், சாரதி லைசென்ஸ், வரிக் கடிதம். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது.

யுத்தம் முடிந்த வருடம் எனக்குப் பத்து வயது. நாங்கள் முகாமில் இருந்தோம். அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. லொறியில் மூட்டை ஏற்றி இறக்குகிற ஆள். கையெழுத்துக்குப் பெருவிரல்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்த வயதிலேயே வரிசைகளில் அப்பாவுக்கு முன்னால் என்னைத்தான் விடுவார்கள், படிவத்தை வாசிப்பதற்கு. வெயிலில் மூன்று மணி நேரம் நின்று மேசைக்குப் போனால், அங்கே இருப்பவர் ஒரு பேப்பரைக் கேட்பார். அது இல்லையென்றால் நாளைக்கு வா. நாளைக்குப் போனால் வேறொன்றைக் கேட்பார். கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். எது கேட்டாலும் பையை அப்படியே மேசையில் கொட்டிவிடுவார். "அவையே பாத்து எடுக்கட்டும், கூடினாலும் குறையக்கூடாது" என்பார். அப்படித்தான் முகாமிலிருந்து வெளியே வந்தோம். அப்படித்தான் கனடாவுக்கும் வந்தோம். எங்கள் பேப்பர்க் கோவையைப் பார்த்து இங்குள்ள வழக்கறிஞர் மெச்சியதை அப்பா இன்றைக்கும் சொல்லுவார்.

நிரோஜனின் விண்ணப்பத்தில், வரையறுத்த பகுதிக்குள் வசிப்பதற்கு ஒரேயொரு அத்தாட்சிதான் எங்களுக்கு நிதி தருகிறவர்கள் கேட்டிருந்தார்கள். குடும்ப வைத்தியரின் கடிதம் கையில் இருந்தது. ஒன்பதாம் தளத்து முகவரி அதில் சரியாக இருந்தது. அதை மட்டும் அனுப்பியிருந்தால் போதும்.

நான் பதினொன்று அனுப்பினேன். ஒவ்வொன்றையும் ஸ்கான் செய்து, பெயர் போட்டு, ஒழுங்காக அடுக்கி. பெயரின் எழுத்துக்கள், பிறந்த திகதி எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன், ஊரில் எங்களை அலைக்கழித்தவை அவைதான் என்பதால். முகவரிகளை நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்தவன் போல வீட்டுக்குப் போனேன்.

4

அடுத்த வியாழக்கிழமை நிதி தருகிறவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பதாரி பகுதிக்கு வெளியே வசிப்பதாகத் தெரிகிறதாம். லைசென்ஸ், உயர்பள்ளித் தவணை அறிக்கை, வரிக் கடிதம் மூன்றிலும் பிக்கரிங் முகவரி. அங்கு அவன் வசிக்கவில்லை என்று அந்த வீட்டுக்காரர் ஒரு கடிதம் தரவேண்டும். தாயின் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் அவனுடைய பெயர் இருக்கவேண்டும். ஐந்து வேலைநாள் தவணை.

அன்ரிக்கு அழைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஒன்பதாம் வகுப்புக்கு விடேக்க, இங்கத்த ஸ்கூலில ஒரு பெடியன் துவக்கோட பிடிபட்டவன் தம்பி. எனக்கு நித்திரையில்லை. பிக்கரிங்கில இருக்கிற எங்கட அண்ணரின்ர அட்ரஸைக் குடுத்து, அவரைப் பொறுப்பான காடியன் எண்டு போட்டு, அங்க சேர்த்தனான். நாலு வருஷம் விடியக்காலமை ரெண்டு பஸ் எடுத்துப் போனவன்."

"இங்க வீட்டு ஒப்பந்தத்தில?"

"ரெண்டு இடத்தில பேர் இருந்தால் பிடிச்சுப்போடுவாங்கள் எண்டு சொன்னவை. அதால இங்க அவன்ர பேரை எடுத்துப்போட்டன்."

அதாவது, நிரோஜன் காகிதத்தில் நல்ல இடத்துப் பிள்ளை. தனி வீடுகளும் புல்வெளிகளும் உள்ள இடம். அவனுக்கு அங்கே ஒரு நண்பன்கூட இல்லை. வகுப்பில் நித்திரை கொண்டுவிட்டு, பின்னேரம் திரும்பி வந்து கட்டடத்தடியில் பந்து விளையாடுவான். தாய் அவனை எந்த இடத்திலிருந்து காப்பாற்ற நினைத்தாரோ, அவனுடைய சிநேகிதர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

மார்சியா இந்த வேலையில் பதினைந்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர். மின்னஞ்சலை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கேட்டது ஒன்று. ஏன் பதினொன்று அனுப்பினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அப்பாவின் பையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். "எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் கையெழுத்து வைத்திருப்பேன். இப்போது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். அதில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

சனிக்கிழமை ரயில் எடுத்துப் பிக்கரிங்குக்குப் போனேன். அன்ரியின் தமையன் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், மரியாதையான பேச்சு. முதலில் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

"ஒரு கடிதம்தான் அங்கிள். நிரோஜன் இங்க இருக்கேல்லை, தாயோடதான் இருக்கிறவன் எண்டு."

"அப்ப நாலு வருஷமாப் பொய் சொன்னனான் எண்டு நானே கையெழுத்து வைக்கிறதோ?"

"அப்பிடியில்லை..."

"அப்பிடித்தான். தம்பி, நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறனான். பொலிஸ் ரிப்போட் குடுத்துத்தான் இந்த வேலையில இருக்கிறன். உந்தக் கடிதம் ஆரின்ர கையில எல்லாம் போகும் எண்டு உமக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

"அப்ப கொஞ்சக் காலம் அவனை இங்க வைச்சிருப்பீங்களோ? வான் இல்லாட்டிலும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளிக்கிட்டாலே போதும்."

அவர் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். மேல்மாடி யன்னலில் அவருடைய மகள்மார் இருவரும் எதற்கோ சண்டை பிடித்துச் சிரிப்பது கேட்டது.

"அவன்ர பேர் இங்க இருக்கலாம் தம்பி. அவன் இருக்கேலாது. உதுகள் ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். அவனைத் தேடிக்கொண்டு ஆரும் இங்க வந்தால், நான் என்ன செய்ய?"

அவர் வீட்டுக்குப் பின்னால் போய், தோட்டத்துக் கத்தரிக்காயும் பச்சைமிளகாயும் ஒரு பையில் நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. "தங்கச்சியிட்டக் குடும். நான் கெட்டவனில்லை எண்டு சொல்லும்" என்றார். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பி வந்தேன்.

5

நிரோஜனின் இடம் பக்கத்துக் கட்டடத்துப் பெடியன் ஒருவனுக்குப் போனது. அவனையும் எனக்குத் தெரியும். அமைதியானவன், தகுதியானவன், அவனுடைய வாசலிலும் வெடி விழுந்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரையாவது குறை சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நிரோஜனிடம் நேரில் போய்ச் சொன்னேன். "பிழை என்ரதான். கேக்காத பேப்பரையும் அனுப்பிப்போட்டன்."

"இட்ஸ் ஓகே அண்ணா. அட் லீஸ்ட் நீங்கள் ட்ரை பண்ணினீங்கள்."

அவன் என்னை நாலு கெட்ட வார்த்தை பேசியிருக்கலாம்.

புரட்டாதியில் வகுப்புத் தொடங்கியது. பின்னேரம் நாலு மணிக்கு வான் திரும்பி வரும்போது வரவைப் பதிய நான் கட்டட வாசலில் நிற்பேன். மூன்றாம் வாரம், சைக்கிள் கொட்டிலடியில் நிற்பவர்களோடு நிரோஜனும் நின்றான். முதல் நாள் எனக்குத் தலையாட்டினான். இரண்டாம் நாளும் ஆட்டினான். பிறகு, வானிலிருந்து இறங்குபவர்களைப் பார்க்காமல் மற்றப் பக்கம் திரும்பி நிற்கப் பழகிவிட்டான். நான் அழைத்தால் எடுப்பதில்லை.

அன்ரியை ஒருநாள் லிஃப்டில் கண்டேன். "இப்ப அவன் பயமில்லாம வெளியில போறான் தம்பி. பிளாசாவுக்கும் போறான், பஸ்ஸும் எடுக்கிறான்" என்றார். சொல்லும்போது முகம் மலரப் பார்த்தது, மலரவில்லை. ஏன் பயமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒன்பதாம் தளம் வரும்வரை இருவரும் மாறிமாறி எரியும் இலக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐப்பசியில் எங்களுக்கு அடுத்த வருட நிதி நீடிக்கப்பட்ட செய்தி வந்தது. அதே பதினாலு இடம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள், சாப்பிட்டேன்.

6

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அன்ரி அழைத்தார். "ஒரு போம் நிரப்பவேணும், வாறீங்களோ?" போனேன். வெளியே பனி கொட்டி முடிந்து வெளிச்சமாக இருந்தது. சஜீவன் அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. உயர்பள்ளி விண்ணப்பம் மேசையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு துண்டில், றிச்மண்ட் ஹில் முகவரி ஒன்று தமிழில் எழுதியிருந்தது.

"கோயிலில பழக்கமான ஒரு அக்கா. தன்ர அட்ரஸைப் போடச் சொல்லுறா. அண்ணர் இனி ஏலாது எண்டிட்டார்." அன்ரி எனக்கு முன்னால் இருந்தார். "தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். சொல்லுங்கோ, இவனுக்கு எந்த அட்ரஸைப் போட?"

சஜீவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். "அம்மா, றிச்மண்ட் ஹில்லுக்கு த்ரீ பஸ்ஸஸ்! ஐ வான்ட் டு கோ வித் மை ஃப்ரெண்ட்ஸ்."

"உன்ர ஃப்ரெண்ட்ஸைத்தான் எனக்குப் பயம். கதவைப் பூட்டடா, கறண்ட் வீணாப் போகுது."

நான் தெரிந்ததைச் சொன்னேன். "இந்த வீட்டு அட்ரஸைப் போட்டால் இங்கத்த ஸ்கூல்தான் அன்ரி. ஆனா பிறகு ஏதும் எண்டால், எங்கட திட்டம் மாதிரி ஒண்டுக்கு எடுபடுவான். அந்த அட்ரஸைப் போட்டால் நல்ல ஸ்கூல். பிறகு ஏதும் எண்டால் ஒண்டும் செய்யேலாது."

"ஏதும் எண்டால் எண்டால்?"

நான் விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி வைத்தேன்.

"அப்ப உங்கட வானில ஏறுறதுக்கு என்ர பிள்ளை முதல் கீழ நிக்கிறவங்களுக்குள்ள நிண்டு பழகவேணும். அதுதானே சொல்லுறீங்கள்?"

நான் அதைச் சொல்லவில்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எங்கள் விண்ணப்பப் படிவத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனதுக்குள் வாசித்துப் பார்த்தால், அது அதைத்தான் சொல்கிறது. நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் தண்ணீர். விலகி நிற்கிறவன் விலகி நிற்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. அவனுடைய தாய் பொய் சொல்லி, இரண்டு பஸ்ஸோ மூன்று பஸ்ஸோ ஏற்றி, தானே பார்த்துக்கொள்ளவேண்டும்.

"எழுதுங்கோ தம்பி. உங்கட எழுத்து வடிவு" என்று அன்ரி பேனையைத் தள்ளினார்.

நான் றிச்மண்ட் ஹில் முகவரியை எழுதினேன். தபால் குறியீட்டை ஒருமுறை துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தமாக எழுதினேன். நிரோஜனுக்குத் தாய் எழுதிய அதே பொய்யை இவனுக்கு நான் எழுதுகிறேன் என்று தெரிந்துதான் எழுதினேன். வேறு எதை எழுதியிருக்கலாம் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'உடன்பிறந்தவர்களின் பெயர்கள்.' பேனையைத் தூக்கிக்கொண்டு அன்ரியைப் பார்த்தேன்.

அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார். திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிக் கீழே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சைக்கிள் கொட்டிலடியில், பனிக்குள், பெரியவன் மற்றவர்களோடு நின்றான். இரண்டு கையும் ஜக்கெற்றுக்குள் இருந்தன.

"ஒருத்தரும் இல்லை எண்டு போடுங்கோ" என்றார் அன்ரி.

போட்டேன்.